மணிக்கணக்கை விடுங்கள், முடிவெடுக்கும் விதத்தைக் கேளுங்கள்

வீடியோ கேம் அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை அளிக்கும் மையங்களின் பொறுப்பாளர்களுக்கும், அங்கே முதல் சந்திப்பை நடத்தும் ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களிடம் ஒருவர் வந்ததும் நிரப்பப்படும் படிவத்தில் முதலில் நிற்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடுகிறார்?" அம்மா ஒரு எண் சொல்வார், பையன் அதில் பாதியைச் சொல்வான். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை எழுதிக்கொண்டு, பாதிப்பு எவ்வளவு, தங்கவைக்க வேண்டுமா, எத்தனை வாரம் என்பதையெல்லாம் அதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். சிகிச்சை முடியும்போதும் அதே எண்தான் அளவுகோல். எட்டு மணி நேரம் இரண்டாகக் குறைந்தால் வெற்றி என்று பதிவாகிறது. இந்த வழக்கத்தை மாற்றும்படி கேட்கவே இதை எழுதுகிறோம்.

நோய்களை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியல் 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறுக்கான குறியீடு 6சி51. அந்த வரையறையைத் தேடிப் பாருங்கள், இத்தனை மணி நேரம் என்ற எல்லை எதுவும் அதில் இல்லை. எப்போது தொடங்குவது, எவ்வளவு விளையாடுவது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு தளர்ந்திருக்க வேண்டும். மற்ற ஆர்வங்களையும் அன்றாட வேலைகளையும் பின்னுக்குத் தள்ளி விளையாட்டு முதலிடம் பிடித்திருக்க வேண்டும். கெடுதல் நேர்ந்த பிறகும் அது தொடர வேண்டும். இவற்றால் வாழ்க்கையில் கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும். பொதுவாக 12 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும், அறிகுறிகள் கடுமையாக இருந்தால் அதற்குக் குறைந்த காலமும் போதும்.

கட்டுப்பாடு, முன்னுரிமை, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் முடிவெடுப்பதைப் பற்றியவை. ஐந்து மணி நேரம் விளையாடினாலும் நினைத்த நேரத்தில் எழுந்து போகிறவர் உண்டு. இரண்டே மணி நேரம்தான் விளையாடுவார், ஆனால் 'இத்தோடு போதும்' என்று ஒவ்வொரு இரவும் முடிவு செய்து ஒவ்வொரு இரவும் அதை மீறுவார் என்பவரும் உண்டு. மணிக்கணக்கை மட்டும் பார்க்கும் படிவம் முதலாமவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும், இரண்டாமவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அவசரபுத்தி, முன்யோசனை இல்லாமை, கட்டுப்பாடு இல்லாமை என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே குணம் அல்ல. அதற்குள் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாத பல கோளாறுகள் இருக்கின்றன. ஒருவருக்கு ஒன்று இருக்கும், மற்றது இருக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே அறிவுரையைக் கொடுப்பதால்தான் ஒரே வகுப்பில் உட்கார்ந்த பத்துப் பேரில் சிலருக்கு மட்டும் பலன் கிடைக்கிறது.

முதலாவது, தொடங்கிய செயலை நிறுத்தும் திறன். ஆய்வகத்தில் இதை கோ-நோ-கோ சோதனையாலும் (ஒரு குறிக்கு அழுத்த வேண்டும், மற்றொன்றுக்கு அழுத்தக் கூடாது) நிறுத்தல் சமிக்ஞைச் சோதனையாலும் அளக்கிறார்கள். இரண்டாவது சோதனையில், திரையில் அம்பு தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். சில முறை மட்டும், அம்பு தெரிந்த சில நூறு மில்லி வினாடிகளில் ஓர் ஒலி கேட்கும், அப்போது அழுத்தக் கூடாது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இந்தத் தடுப்பு வேலை செய்யச் சுமார் 200 முதல் 250 மில்லி வினாடிகள் ஆகின்றன. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கை வேகமாக இருப்பது அவசரபுத்தி அல்ல. அதிரடி விளையாட்டுகளை ஆடுவோர் மற்றவர்களைவிட விரைவாகப் பதிலளிக்கிறார்கள், அதனால் அவர்களுடைய தவறுகள் கூடுவதில்லை என்று டை, கிரீன், பவேலியர் ஆகியோர் 2009-இல் எழுதியிருக்கிறார்கள். "பாருங்கள், எப்படிப் பரபரக்கிறான்" என்று எழுதிவைக்கும் ஆலோசகர் தவறான இடத்தைப் பார்க்கிறார். தொடங்கும் வேகத்தைப் பார்க்காமல், நிறுத்த வேண்டியபோது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் 'வாக்குத் தவறுகிறான், பொய் சொல்கிறான்' என்று புலம்புவதில் பெரும்பங்கு இதில்தான் அடங்கியிருக்கிறது. பலன் தள்ளிப்போகப் போக நம் மனதில் அதன் மதிப்பு குறைகிறது. இதைத் தாமதத் தள்ளுபடி என்கிறோம். மதிப்பு எப்படிக் குறைகிறது என்பதற்கு 1987-இல் மேசர் ஒரு சூத்திரம் தந்தார். பலனின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். தாமதத்தை அந்த நபரின் தள்ளுபடி வேகத்தால் பெருக்கி, அதோடு ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் பலனை வகுத்தால் இப்போதைய மதிப்பு கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவு 10 மணிக்கு விளையாட்டு தரும் இன்பம் 40 என்றும், சரியாகத் தூங்கி எழுந்து காலை 7 மணிக்குத் தெளிவாக இருப்பதன் பலன் 100 என்றும் வையுங்கள். தள்ளுபடி வேகம் மணிக்கு 1. காலை 10 மணிக்கு அந்த இளைஞரிடம் கேட்டால், விளையாட்டு இன்னும் 12 மணி நேரத் தொலைவில் இருக்கிறது, அதன் மதிப்பு 40-ஐ 13-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 3.1. மறுநாள் காலை 21 மணி நேரத் தொலைவில், அதன் மதிப்பு 100-ஐ 22-ஆல் வகுத்தது, சுமார் 4.5. ஆகவே "இன்றைக்கு நேரத்தோடு தூங்கிவிடுவேன்" என்பார். அதை மனப்பூர்வமாகவே சொல்வார். இரவு 10 மணி ஆனதும் விளையாட்டு கைக்கெட்டும் தூரத்தில், முழு 40. மறுநாள் காலையோ 9 மணி நேரத் தொலைவில், 100-ஐ 10-ஆல் வகுத்து வெறும் 10. விளையாடுவார். இந்தக் கணக்கில் விருப்பம் தலைகீழாகும் நேரம் மாலை 5 மணி. தள்ளுபடி வேகம் 0.1 மட்டுமே உள்ளவருக்கு இரவு 10 மணியிலும் மறுநாள் காலையின் மதிப்பு 52-க்கு மேல் இருக்கும். அவர் தூங்கப் போய்விடுவார், அதற்கு மன உறுதி என்று பெயர் வாங்குவார்.

காலையில் சொன்னதும் உண்மை, இரவில் செய்ததும் உண்மையான விருப்பம். எனவே உங்கள் மையத்தில் காலை பத்து மணிக்கு வாங்கும் உறுதிமொழிக் கடிதத்துக்கு இரவில் எந்தப் பலமும் இல்லை. ஆனால் காலை பத்து மணிக்குச் செய்யும் ஒரு பூட்டுக்குப் பலம் உண்டு. அதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறோம்.

மூன்றாவது, ஆபத்தை எடைபோடுவது. இதற்கு இரண்டு சோதனைகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994-இல் பெச்சாராவும் டமாசியோவும் உடன் பணிபுரிந்தோரும் வெளியிட்ட ஐயோவா சூதாட்டச் சோதனையில் நான்கு சீட்டுக்கட்டுகள், 100 முறை எடுக்க வேண்டும். இரண்டு கட்டுகள் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் தரும், ஆனால் பத்துச் சீட்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்தால் 250 டாலர் நஷ்டம். மற்ற இரண்டும் சீட்டுக்கு 50 டாலர்தான் தரும், பத்துச் சீட்டில் 250 டாலர் லாபம். எது நல்ல கட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அனுபவத்தில் கண்டுபிடிக்க வேண்டும். பிராண்டும் அவரது குழுவினரும் 2005-இல் வெளியிட்ட பகடைச் சோதனையில் விதிகள் முன்பே தெரியும். 18 முறை உருட்ட வேண்டும். ஒற்றை எண்ணில் பந்தயம் கட்டினால் 1000 வரும் அல்லது போகும். நான்கு எண்களின் மீது கட்டினால் 100. கணக்குத் தெரிந்தவருக்கு விடை எளிது: ஒற்றை எண்ணில் ஒவ்வொரு முறையும் சராசரியாக 667 இழப்பு, நான்கு எண்ணில் சராசரியாக 33 லாபம். 2011-இல் பாவ்லிகோவ்ஸ்கியும் பிராண்டும் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை அளவுக்கு மீறி ஆடுவோருக்கு இந்தப் பகடைச் சோதனையைக் கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ஆபத்தான தேர்வுகளையே அதிகம் எடுத்தார்கள். விதிகள் கண்முன்னே இருந்தும் அப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். தகவல் சொல்லித் திருத்திவிடலாம் என்று நம்பி நடத்தும் விழிப்புணர்வு வகுப்புகள் இங்கேதான் தோற்கின்றன.

நான்காவது, மனம் கலங்கியிருக்கும்போது மட்டும் தலைதூக்கும் அவசரம். 2001-இல் வைட்சைடும் லைனமும் அவசரபுத்தியைப் பிரித்துக் காட்டியபோது இதைத் தனியாக வைத்தார்கள். இவர் அமைதியான வேளையில் எந்தச் சோதனையிலும் நன்றாகவே தேறுவார். இரண்டு மேட்ச் தோற்று, அணியில் ஒருவன் திட்டிவிட்டு, ரேங்க் இறங்கியபிறகு அவரைப் பார்க்க வேண்டும். "ஒரே ஒரு மேட்ச், ஜெயித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்" என்று விடியும்வரை உட்கார்ந்திருப்பார். வீட்டில் சண்டை நடந்த இரவிலும் இதேதான்.

இனி முதல் சந்திப்புக்கு வருவோம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 90 நிமிடம், காகிதம், பேனா போதும். நேரத்தைப் பொறுத்து ஒன்று சொல்ல வேண்டும்: முந்தின இரவு தூங்காமல் வந்தவரிடம் எதையும் அளக்காதீர்கள். தூக்கக் குறைவு மட்டுமே நிறுத்தும் திறனையும் கவனத்தையும் கெடுத்துவிடும். நீங்கள் அளந்தது தூக்கமின்மையைத்தான் என்றாகிவிடும். வந்த அன்றே போனைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுநாள் சோதனை செய்வதும் அப்படியே. அந்த எரிச்சலும் தவிப்பும் மதிப்பெண்ணில் கலந்துவிடும். சில நாள் தூக்கம் சீரானபின் அளங்கள்.

அவசரபுத்தியை அளக்கும் கேள்வித்தாளான பாராட் உந்துதல் அளவுகோலின் பதினோராம் பதிப்பில் 30 கேள்விகள், மதிப்பெண் 30 முதல் 120 வரை. மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் கவனம், செயல், திட்டமின்மை என்ற மூன்று பிரிவுகளையும் தனித்தனியே எழுதுங்கள். தாமதத் தள்ளுபடிக்கு கிர்பியின் 27 கேள்விகள் கொண்ட தாள் உண்டு, இன்றைக்குச் சிறிய தொகையா, இத்தனை நாள் கழித்துப் பெரிய தொகையா என்று கேட்பது, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தொகைகளை உங்கள் ஊர்ப் பணத்துக்கு மாற்றும்போது அவற்றுக்கிடையே உள்ள விகிதத்தைக் குலைத்துவிடாதீர்கள், தள்ளுபடி வேகம் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

கணினிச் சோதனைகள் வைத்திருப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். கேம் ஆடுகிறவர் சோதனையையும் ஒரு கேமாகவே பார்த்து, ஜெயிக்கும் வழியைத் தேடுவார். அதை அவருடைய அன்றாட நடத்தை என்று எண்ணிவிடக் கூடாது. ஐயோவா சோதனையை ஒருவருக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம். இரண்டாம் முறை எது நல்ல கட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கும், மதிப்பெண் ஏறும், சிகிச்சை பலித்தது என்று நீங்கள் எழுதுவீர்கள். மூன்றாவது, கேள்வித்தாள் மதிப்பெண்ணும் கணினிச் சோதனை மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று மிகக் குறைவாகவே ஒத்துப்போகின்றன என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்டது. இரண்டில் ஒன்று பொய் என்று பொருளில்லை, இரண்டும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. எந்த ஒற்றைச் சோதனையையும் வைத்து நோயை உறுதி செய்யாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு அதிகம் சொல்லக்கூடியது கடைசி மூன்று இரவுகளின் கதை. ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று நினைத்திருந்தார்? அப்படி நினைத்தது எப்போது, தொடங்கும் முன்பா, நடுவிலா? அந்த நேரம் வந்தபோது திரையில் என்ன நடந்துகொண்டிருந்தது? மேட்ச்சின் நடுவிலா, முடிவுத் திரையிலா? அப்போது மனநிலை என்ன? கடிகாரத்தைப் பார்த்தாரா? பார்த்தும் தொடர்ந்தார் என்றால் மனதுக்குள் சொல்லிக்கொண்டது என்ன? உண்மையில் எழுந்தது எத்தனை மணிக்கு, எழவைத்தது எது? பணம் செலவானதா, முன்பே திட்டமிட்டதா? இந்தக் கேள்விகளுக்கு யாரும் கோபப்படுவதில்லை. "எத்தனை மணி நேரம்" என்றால் குற்றம் சாட்டுவதாகத் தெரியும், இப்படிக் கேட்டால் அவரே ஆர்வமாக நினைவுபடுத்திச் சொல்வார். நிறுத்த வேண்டிய நேரம் மேட்ச்சின் நடுவில் விழுந்தது என்றால் முதல் வகை, நிறுத்துவதில் சிக்கல். முடிவுத் திரையில் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தொடர்ந்தார் என்றால் தாமதத் தள்ளுபடி. தோல்விக்குப் பிறகுதான் எப்போதும் மீறல் என்றால் நான்காவது வகை. மூன்று இரவுகளிலேயே பெரும்பாலும் ஒரு வடிவம் தெரிந்துவிடும்.

கூடவே ஒன்றைத் தவறாமல் பாருங்கள்: ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி அதன் அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆகவே தொடக்கப் பள்ளி மதிப்பெண் அறிக்கைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவசரபுத்தி விளையாட்டுக்கு முன்பே இருந்ததா என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கும். சிங்கப்பூரில் 3,034 மாணவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஜென்டைல் குழுவின் ஆய்வு 2011-இல் வெளியானது. அதிக அவசரபுத்தி, குறைந்த சமூகத் திறன், கூடுதல் விளையாட்டு நேரம் ஆகியவை பின்னாளில் சிக்கலில் விழுவதற்கான முன்காரணிகளாகத் தெரிந்தன. மனச்சோர்வு, பதற்றம், மதிப்பெண் சரிவு ஆகியவை விளைவுகளாகத் தோன்றின. விளையாட்டு நேரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, நாங்கள் மறைக்கவில்லை. அது பட்டியலில் ஒன்று, முழுப் பட்டியலும் அது அல்ல. ஏ.டி.எச்.டி. இருந்தால் அதற்குரிய மருத்துவரிடம் அனுப்புங்கள். கேமிங் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. அப்படி ஒன்றைத் தருவதாக விளம்பரம் செய்யும் மையங்கள் அதை நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் நிறுத்தும்படி கேட்கிறோம். மூளைப் படங்களைச் சுவரில் ஒட்டி, "விளையாட்டு உன் மூளையைச் சிதைத்துவிட்டது" என்று பிள்ளைகளிடம் காட்டுவது. 1998-இல் கோப்பும் குழுவினரும் எட்டுப் பேரை வைத்துச் செய்த ஆய்வு, டாங்கி ஓட்டும் ஒரு விளையாட்டின்போது மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில், இன்பத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் வெளியாவதைக் காட்டியது. விளையாட்டு இன்பம் தருகிறது என்பதற்கு அது சான்று, சிதைவுக்குச் சான்றல்ல. தன் மூளை கெட்டுவிட்டது என்று நம்பும் பதினாறு வயதுப் பிள்ளை முயற்சியைக் கைவிடுகிறது. இது எங்களுக்குப் பெரும் வருத்தம் தரும் விஷயம்.

சிகிச்சையில் என்ன செய்யலாம்?

நிறுத்துவதில் சிக்கல் உள்ளவருக்குக் கடிகாரத்தை எல்லையாக வைக்காதீர்கள். 35 நிமிடம் ஓடும் மேட்ச்சில் 20-ஆம் நிமிடத்தில் அலாரம் அடித்தால், நடுவில் எழுவது அணியைக் கைவிடுவது, ரேங்க்கை இழப்பது, சில விளையாட்டுகளில் தற்காலிகத் தடையும் வாங்குவது. அங்கே யாரும் எழ மாட்டார்கள். அலாரத்தை அணைக்கும் பழக்கம்தான் வளரும். மாறாக மேட்ச் எண்ணிக்கையை எல்லையாக்குங்கள்: இரண்டு மேட்ச், தொடங்கும் முன் காகிதத்தில் எழுதியது. அதோடு 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் ஒரே ஒரு வாக்கியம். கோல்விட்சர் 1999-இல் தொகுத்துக் காட்டிய உத்தி இது. "இரண்டாவது மேட்ச்சின் முடிவுத் திரை வந்ததும், ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து நிற்பேன்." சூழ்நிலை கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும், செயல் உடலால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "மூன்றாவது மேட்ச் ஆட மாட்டேன்" என்று எழுதினால் வேலை செய்யாது. அது மூன்றாவது மேட்ச்சையே நினைவூட்டிக்கொண்டிருக்கும். ஒரே வாரத்தில் பத்து வாக்கியங்கள் எழுதவைப்பதும் பயனற்றது, ஒன்று பழகியபின் அடுத்தது. அடுத்த மேட்ச்சைத் தானாகத் தொடங்கும் அமைப்பு இருந்தால் முதல் நாளே அணைக்கச் சொல்லுங்கள்.

தள்ளுபடி வேகம் அதிகமாக உள்ளவருக்கு முன்கூட்டியே பூட்டுவதுதான் வழி. மேலே போட்ட கணக்கு நினைவிருக்கட்டும்: விருப்பம் தலைகீழாகும் முன் பூட்ட வேண்டும், அதாவது காலையில் அல்லது பிற்பகலில். பயன்பாட்டு வரம்புக்கான பாஸ்வேர்டை நம்பிக்கையான வேறொருவர் வைத்திருக்கட்டும், வரம்பை மாற்ற 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். பாஸ்வேர்ட் வைத்திருப்பவர் இரவு 11 மணிக்கு ஒருமுறை மனமிரங்கிக் கொடுத்துவிட்டால் அந்தப் பூட்டு அன்றோடு முடிந்தது. கெஞ்சினால் கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்ற நிலை, கெஞ்சுவதைத்தான் பலப்படுத்தும். பூட்டை விதிப்பவர் அந்த இளைஞராகவே இருக்க வேண்டும். பெற்றோர் விதித்தால் அதை உடைப்பதே அடுத்த விளையாட்டாகிவிடும். தென் கொரியா 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடத் தடை விதித்தது 2011-இல்; பத்தாண்டு கழித்து அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. ஓர் அரசாலேயே வெளியிலிருந்து பூட்டிக்கொண்டே இருக்க முடியவில்லை.

பூட்டுவதோடு, எதிர்காலத்தை அருகில் கொண்டுவரும் பயிற்சியும் உண்டு. இனி நடக்கப்போகும் சொந்த நிகழ்ச்சிகளை விவரமாகக் கற்பனை செய்தால் தள்ளுபடி வேகம் குறைகிறது என்று 2010-இல் பீட்டர்ஸும் பூஷெலும் காட்டினார்கள். நான்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: நாளை, ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். இடம், கூட இருப்பவர், கேட்கும் சத்தம், உடுத்தியிருக்கும் உடை வரை நிகழ்காலத்தில் பேசி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு மிகாமல் அவருடைய குரலிலேயே பதிவு செய்யுங்கள். விளையாட உட்காரும் முன் ஒன்றைக் கேட்க வேண்டும். "நல்ல வேலை, நல்ல வாழ்க்கை" என்று பதிவு செய்தால் பலனில்லை. "சனிக்கிழமை தங்கையின் நடன நிகழ்ச்சி, முதல் வரிசை, நான் வீடியோ எடுக்கிறேன்" என்பது போல இருக்க வேண்டும். இதே காரணத்தால், 90-ஆம் நாள் சான்றிதழ் தருவோம் என்று இவர்களிடம் சொல்வது வீண். பரிசு சிறியதாக, அடுத்த நாளே, நிச்சயமாகக் கிடைக்க வேண்டும்.

ஆபத்தை எடைபோடுவதில் தடுமாறுபவர்களிடம் பணத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டிகளான லூட் பாக்ஸ்களுக்கு ஆகும் செலவும் சூதாட்டப் பிரச்சினையின் தீவிரமும் சேர்ந்தே ஏறுகின்றன என்று ஜென்டிலும் கெயர்ன்ஸும் 2018-இல் எழுதினார்கள். அதே ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் பணம் கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ்கள் நாட்டின் சூதாட்டச் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அறிவித்தது. உங்கள் அறையில் செய்யக்கூடியது ஒரு கணக்கு. ஒரு பொருள் கிடைக்க வாய்ப்பு 1 சதவீதம். நூறு முறை திறந்தால் கட்டாயம் கிடைக்கும் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் கிடைக்க வாய்ப்பு சுமார் 63 சதவீதம். நூறு முறை திறந்தும் வெறுங்கையோடு போவோர் மூன்றில் ஒருவருக்கும் மேல். 95 சதவீத நிச்சயம் வேண்டுமானால் 299 முறை திறக்க வேண்டும். சில விளையாட்டுகளில் இத்தனை முறைக்குள் தந்துவிடுவோம் என்ற உத்தரவாதம் உண்டு, விதிகளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். நூறு சீட்டுகளில் ஒன்றை மட்டும் பரிசுச் சீட்டாக்கி, எடுத்ததை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டு, பணமில்லாமல் நூறு முறை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்ன கணக்கைவிட நூறு ஏமாற்றம் அதிகம் கற்பிக்கும். அதோடு சேமித்து வைத்த கார்டு விவரங்களை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கி, வாங்க நினைத்ததைத் தாளில் எழுதி 24 மணி நேரம் காத்திருக்கும் விதியை வையுங்கள். நேரம் முடிவதற்குள் வாங்கினால்தான் கிடைக்கும் என்று திரையில் ஓடும் எண்கள் இந்தக் காத்திருப்பை உடைப்பதற்கென்றே வைக்கப்பட்டவை என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

மனம் கலங்கும்போது கட்டுப்பாடு இழப்பவருக்கு விதி எளிது, கடைப்பிடிப்பது கடினம்: அடுத்தடுத்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு ரேங்க் ஆட்டம் இல்லை. தோல்விக்குப் பிறகு அறையைவிட்டு வெளியே வர வேண்டும். அதே நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது நடக்காத காரியம். வீட்டுச் சண்டைகளை இந்த இடத்தில்தான் பேச வேண்டும். ரௌட்டரைப் பிடுங்குவது, மேட்ச் நடுவே போனைப் பறிப்பது, கோபத்தில் "இனி வாழ்நாளில் கேம் இல்லை" என்று அறிவித்து மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பது, இவையெல்லாம் பெரியவர்களின் அவசர முடிவுகள். பறித்த பிறகு பிள்ளை சாகப்போவதாகச் சொன்னால், அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். அன்றே நேரடியாகக் கேட்டு, தனியே விடாமல், மனநல மருத்துவரிடம் கொண்டுசெல்லும்படி குடும்பத்துக்கு முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள்.

இனி பலனை எப்படி அளப்பது. நான்கு வாரத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு நாளும் நான்கு எண்கள்: திட்டமிட்ட மேட்ச், ஆடிய மேட்ச், நிறுத்த நினைத்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையிலான நிமிடங்கள், திட்டமிடாமல் செலவான பணம். மூன்றாவது எண்ணைத்தான் நாங்கள் அதிகம் நம்புகிறோம். மொத்த நேரம் அப்படியே இருந்து அந்த இடைவெளி 140 நிமிடத்திலிருந்து 15-க்கு இறங்கியிருந்தால் அவர் தேறிவருகிறார், அதைக் குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்லுங்கள், ஏனென்றால் அவர்கள் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. மொத்த நேரம் பாதியாகி இடைவெளி குறையவில்லை என்றால் நேரத்தை வெளியிலிருந்து யாரோ குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். மையத்தைவிட்டுப் போனதும் அது திரும்பிவிடும். சறுக்கல் வந்தால் எத்தனை நாளில் திட்டத்துக்குத் திரும்பினார் என்பதையும் குறியுங்கள். 3, 6, 12 மாதங்களில் இதே தாளை மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் இடைவெளி அசையவே இல்லை என்றால் இன்னும் நான்கு வாரம் தங்கச் சொல்லாதீர்கள், ஏ.டி.எச்.டி., மனச்சோர்வு, தூக்கக் கோளாறு ஆகியவற்றுக்காக முதலிலிருந்து மறுபடியும் பாருங்கள், வகையைத் தவறாகக் கணித்திருக்கவும் கூடும். முதல் நாள் எழுதிய மூன்று இரவுகளின் குறிப்பைக் கோப்பிலிருந்து எடுத்து, இப்போதைய கடைசி மூன்று இரவுகளோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இப்படிக்கு,
கேமிங் கோளாறுச் சிகிச்சையில் பணிபுரியும் உளவியலாளர்கள்